கொங்குப் பக்கம் ப்ரோக்ராமருங்க நேர்ல கூடறது எப்படி, எழுதின ப்ரோக்ராம் கோடை நம்ம கையில வெச்சுக்கறது எப்படி

இன்னைக்கு கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு பக்கம் கோடு எழுதற ஒருத்தரோட பொழப்பு எங்கெங்க கெடக்குதுன்னு பாருங்க. கோடு கிட்ஹப்ங்கற வெப்சைட்டுல, ரெஸ்யூம் லிங்க்ட்இன்ல, கூட்டாளிங்க டிஸ்கார்டுலயும் வாட்ஸ்அப்லயும், சந்தேகம் கேக்கறது முன்னெல்லாம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இப்ப ஏஐ சாட். எல்லாமே எவனோ ஒருத்தன் மெஷின்ல. கோடையாவது காப்பி எடுத்து வெச்சுக்கலாமுங்க, ஆனா சரவணம்பட்டியில நம்ம ஃப்ளாட்டுக்கு ரெண்டு மாடி மேல அதே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட மல்லுக்கட்டிட்டு இருக்கற ஆளை நமக்குத் தெரியாதுங்கறதுதான் எனக்குப் பெரிய வெசனமா இருக்குது. அதனால மொதல்ல ஆளைச் சேக்கோணும், சர்வரெல்லாம் அப்பறம். நெறையப் பேரு தலைகீழாப் பண்றாங்க, சர்வரைப் போட்டு வெச்சுட்டு ஆள் வரும் வரும்னு உக்காந்திருக்காங்க, யாரும் வர்றதில்ல.

பெரிய எடம்னா எப்பவும் இருக்கும்னு நெனைக்காதீங்க. கோடு போட்டு வெக்கறதுக்கு கூகுள் கோடுன்னு ஒரு எடத்தை 2006ல ஆரம்பிச்சாங்க, 2016 ஜனவரியில மூடிட்டாங்க. 2019ல அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பக்கம் இருந்த டெவலப்பருங்க அக்கவுண்ட்டை கிட்ஹப் கட்டுப்படுத்துச்சு. ஏன், கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் கணக்கு வெக்கற கிட்டுங்கற (git) சாஃப்ட்வேர் பொறந்ததே இப்படித்தானே, லினக்ஸ் கெர்னல் ஆளுங்க பிட்கீப்பர்ங்கற கம்பெனி சாஃப்ட்வேரை ஓசியில ஓட்டிட்டு இருந்தாங்க, 2005ல அந்த ஓசி நின்னு போச்சு, லினக்ஸை உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸ் உக்காந்து கிட்டை எழுதிட்டாரு. இதை விட எனக்குப் புடிச்சது 2021ல நடந்தது. டெவலப்பருங்க சாட் பண்ற ஃப்ரீநோடுங்கற ஐஆர்சி நெட்வொர்க் ஆரு கைக்குப் போகுதுன்னு சண்டை வந்ததும் அதை நடத்திட்டு இருந்த வாலண்டியருங்க ஒட்டுமொத்தமா வெளிய வந்து லிபெரா சாட்னு புதுசா ஒண்ணு தொறந்தாங்க, உபுண்டு, ஜென்டூ மாதிரி பெரிய பெரிய ப்ராஜெக்ட்டெல்லாம் கொஞ்ச நாள்லயே அங்க வந்துருச்சு. ஆளுங்களுக்குள்ள பழக்கம் இருந்துச்சு, அதான் அவ்ளோ வேகம்.

சரி, எப்படி ஆரம்பிக்கறது. ஒரு நாளைப் புடிங்க, அதை மாத்தவே மாத்தாதீங்க. நம்மூர்ச் சந்தைக்கு யாரும் இன்விடேஷன் அனுப்பறதில்ல, ஓட்டுப் போட்டு நாள் பாக்கறதில்ல, இன்ன கெழமைன்னா இன்ன கெழமை, தேவை இருக்கறவங்க வந்துருவாங்க. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழமை காலைல பத்து மணின்னு வெச்சுட்டா அம்புட்டுத்தான். சென்னையில ஐலக்சின்னு ஒரு லினக்ஸ் குழு பல வருஷம் இப்படித்தான் ரெண்டாவது சனிக்கெழமையில ஐஐடில கூடிட்டு இருந்தாங்க. நம்ம பக்கம் முகூர்த்த ஞாயிறுன்னா பாதிப் பேரு கல்யாணத்துக்குப் போயிருவாங்க, ஊர்ல கோயில் நோம்பி சாட்டிட்டாங்கன்னா இன்னும் கொஞ்சம் பேரு கழண்டுக்குவாங்க, இருந்தாலும் தேதியைத் தள்ளாதீங்க, ரெண்டே ரெண்டு பேரு வந்தாலும் நடத்துங்க. "இந்த மாசம் உண்டா இல்லீங்களா"ன்னு ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சாருன்னா குழு ஆட்டங்கண்டுருச்சுன்னு அர்த்தம்.

எடம் பாக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான சோலி. காலேஜ் லேப்னா லெட்டர், பெர்மிஷன், கேட்ல ஐடி கார்டு, வெளியாளுக்கு தொந்தரவு. லைப்ரரில பேச முடியாது. காபி ஷாப்ல பிளக் பாயிண்ட் கெடைக்காது, மணிக்கணக்கா உக்காந்தா மூஞ்சியைப் பாப்பாங்க. என் கணக்குல நல்ல எடம் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ்தான், கணபதி, பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் பத்து சீட்டு போட்ட ஆபீஸ் ஏகப்பட்டது ஞாயித்துக்கெழமை பூட்டிக் கெடக்குது. ஓனர்கிட்ட நேர்ல போய் கேளுங்க, "அண்ணா, மாசத்துல ஒரு நாள் மூணு மணி நேரம், கூட்டிப் பெருக்கிட்டுப் போயிர்றோம், கரண்ட் காசு நாங்க குடுத்தர்றோமுங்க"ன்னு. பாதிப் பேரு ஒத்துக்குவாங்க, ஏன்னா அவங்களுக்கும் ஆள் எடுக்கற எடத்துல தெரிஞ்ச மொகம் வேணும். ஒண்ணு மட்டும் கறாராப் பாத்துக்கோங்க, பொண்ணுங்க போற மாதிரி பாத்ரூம் இருக்கோணும், பஸ் ஸ்டாப் பக்கமா இருக்கோணும், ஒரு மணிக்குள்ள முடியோணும். பொழுதோட ஆரம்பிச்சு ராத்திரி ஒம்போது மணிக்கு முடியற கூட்டத்துக்கு பொள்ளாச்சியில இருந்து ஒரு தங்கச்சி எப்படி வந்துட்டுப் போகும்? இதை யோசிக்காம "லேடீஸ் யாரும் வர மாட்டேங்கறாங்க"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லீங்க.

ஆள் புடிக்கறதுக்கு ஆன்லைன்ல போஸ்ட் போடறதை விட ஒரு ஏ4 நோட்டீஸ் எச்சா வேலை செய்யும். காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில ஒட்டுங்க, ஃபைனல் இயர் பசங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு அங்கதான் வந்து நிப்பாங்க, பைண்டிங் ஆகற வரைக்கும் சொவத்தைப் பாத்துட்டு நிக்கறதைத் தவிர அவங்களுக்கு வேற வேலை கெடையாது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, பேக்கரி, பிஜி ஹாஸ்டல் இங்கெல்லாம் ஒட்டலாம், கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. அப்பறம் ஐடி பார்க் ஆளுங்களை மட்டும் நெனைக்காதீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ஈஆர்பி (கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்) எழுதிட்டு இருக்கறவரு, டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கு டிடிஎல் கோடு எழுதித் தர்றவரு, கோவையில பம்பு மோட்டாருக்கு கன்ட்ரோலர் போர்டு பண்ணி எம்பெடட் சி எழுதறவரு, மில்லுல மெஷினை ஓட்டற பிஎல்சி கன்ட்ரோலர் பாக்கறவரு, இவங்க யாரும் தங்களை டெவலப்பர்னே சொல்லிக்க மாட்டாங்க, ஆனா பத்து வருஷம் ஓடற சாஃப்ட்வேர்னா என்னன்னு இவங்களுக்குத்தான் தெரியும். தேடிப் போய் கூப்புடுங்க.

மொத நாள் என்ன பண்றது? ப்ரொஜெக்டர் வேண்டாம், சீஃப் கெஸ்ட் வேண்டாம், சால்வை பொன்னாடை எதுவும் வேண்டவே வேண்டாம். அதெல்லாம் வந்துட்டா காலேஜ் செமினார் ஆயிரும், ஒருத்தர் பேசுவாரு மத்தவங்க போனை நோண்டுவாங்க. சேரை வட்டமாப் போடுங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம், பேரு, ஊரு, இப்ப எதுல மாட்டிட்டு முழிக்கறீங்க, அது மட்டும் சொன்னாப் போதும். ஒரு வொயிட்போர்டுல அதை எழுதிட்டே வாங்க. அப்பறம் ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து அந்தப் பிரச்சனையைப் பாருங்க. இதுல நடக்கற ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பப் பாக்கறேனுங்க, ஒருத்தர் தன் ஸ்க்ரீனைக் காட்டி "இந்த குவெரி இருவது செகண்டு எடுக்குதுங்க"ன்னு சொல்லச் சொல்லவே பக்கத்துல இருக்கறவரு அவரோட கீபோர்டைத் தொடாம, வெரல்ல மட்டும் அந்த ஜாயினைக் காட்டி "இந்த டேபிள் காலமுக்கு (column) இண்டெக்ஸ் இருக்குதுங்களா?"ன்னு கேப்பாரு, கேட்டவரு மொகத்துல அப்பவே தெரிஞ்சுரும். சாட்ல அரை நாள் டைப் பண்ண வேண்டியது அங்க ரெண்டு நிமிஷத்துல முடியுது, அதோட அந்த ரெண்டு பேரும் அதுக்கப்பறம் நம்பர் மாத்திக்கறாங்க. முடிஞ்சதும் பக்கத்து பேக்கரியில டீயும் பப்ஸும், நின்னுட்டே நாயம் பேசறது. வேலை மாத்தறது, சம்பளம், லேஆஃப் பயம், இந்த மாதிரி நெசமான பேச்சு அங்கதான் வரும், அதனால கூட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஃப்ரீயா வெச்சுட்டு வாங்க.

நம்பரெல்லாம் எங்க வெக்கறது? வாட்ஸ்அப் க்ரூப் வேண்டாம்னு நான் சொல்லல, நாளைக்கு எத்தனை மணின்னு ஞாபகப்படுத்தறதுக்கு அது நல்லாத்தான் இருக்குது. ஆனா குழு அந்த க்ரூப்லயே குடியிருக்கக் கூடாது. ஒரு நோட்டுல, ஆமா பேப்பர் நோட்டுத்தான், பேரு, போன், ஈமெயில், என்ன தெரியும், என்ன கத்துக்கோணும்னு அவங்கவங்க கையாலயே எழுத விடுங்க, விருப்பம் இல்லாதவங்க விட்டுரலாம். அதை எக்செல்ல தொறக்கற மாதிரி ஒரு சிஎஸ்வி ஃபைலா ரெண்டு பேரு வெச்சிருங்க. மாசம் ஒரு மெயில், எல்லாரையும் பிசிசில போட்டு, ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரியாம.

இப்ப கோடு விஷயத்துக்கு வருவோம், இதையும் கூட்டத்துலயே கையோட பண்ணிருங்க. வர்றவங்க ஆளுக்கு ஒரு பென்டிரைவ் கொண்டு வரட்டும். கிட் க்ளோன் கமாண்டுல மிரர்னு ஒரு ஆப்ஷன் இருக்குது, அதைப் போட்டா எல்லா ப்ராஞ்சும் எல்லா டேக்கும் ஹிஸ்டரியோட வந்துரும். கிட் பண்டில்னு இன்னொண்ணு, மொத்த ரெப்போவையும் (ப்ராஜெக்ட்டோட கோடும் அதோட ஹிஸ்டரியும்) ஒரே ஃபைலாச் சுருட்டிக் குடுக்கும், அதைப் பென்டிரைவ்ல போட்டு பக்கத்து லேப்டாப்ல குத்தி நேரா க்ளோன் பண்ணலாம், நெட்டே வேண்டாம். பண்ணிப் பாருங்க, இத்தனை வருஷம் கிட்டை யூஸ் பண்ணினவங்களே கிட்டு வேற கிட்ஹப் வேறன்னு அப்பத்தான் கையில உணர்றாங்க. ஆனா கிட்ஹப்ல எழுதி வெச்ச இஷ்யூ, ரிவ்யூ கமெண்ட் இதெல்லாம் மிரர்ல வராது, விக்கி தனி ரெப்போ, அதைத் தனியா எடுக்கோணும்.

அதுக்கு அடுத்த படி ஃபோர்ஜெஜோ, கிட்ஹப் மாதிரி ஒண்ணை நம்ம மெஷின்லயே ஓட்டறதுக்கு. கிடீயாங்கற அதே மாதிரி சாஃப்ட்வேர்ல இருந்து 2022ல பிரிஞ்சது, ஒரே பைனரி, டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் போதும், ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்லயே ஓடும். அதுல இருக்கற மைக்ரேட் ஆப்ஷன்ல கிட்ஹப் டோக்கனைக் குடுத்தா இஷ்யூ, புல் ரெக்வெஸ்ட், லேபிள் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்துரும். பழைய லேப்டாப் ஒண்ணு யார் வீட்லயாவது கெடக்கும், அதுல பேட்டரி இருக்கறதால கரண்ட் போனாலும் உடனே நிக்காது, பேட்டரி உப்பியிருந்தா மட்டும் கழட்டிருங்க, அது ஆபத்து. வீட்ல ஓட்டறப்ப ஒரு சிக்கல் வரும், நம்மூரு ஃபைபர் கனெக்ஷன்ல பெரும்பாலும் பப்ளிக் ஐபி குடுக்கறதில்ல, ரவுட்டர்ல போர்ட்டைத் தொறந்தாலும் வெளிய இருந்து வர முடியாது. அப்ப கொஞ்சம் பேரு காசு போட்டு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்துக்கலாம், இல்லீன்னா கூட்டத்து அன்னைக்கு மட்டும் லோக்கல் நெட்வொர்க்ல ஓட்டலாம். இது எதுவும் முடியலீன்னா பெர்லின்ல இருக்கற கோட்பெர்குங்கற லாப நோக்கம் இல்லாத சங்கத்துல ஓப்பன் சோர்ஸ் கோடை வெச்சுக்கலாம், அதுவும் ஃபோர்ஜெஜோலதான் ஓடுது.

கிட்ஹப்பை உடனே மூடச் சொல்லலீங்க. வேலைக்கு அப்ளை பண்ற பையனுக்கு அந்தப் ப்ரொஃபைல் இன்னைக்கு வேணும், அதை நான் மறுக்கல. கிட்ல ஒரே ரிமோட்டுக்கு (கோடை அனுப்பற எடம்) ரெண்டு புஷ் யூஆர்எல் குடுக்கலாம், ஒரு புஷ் அடிச்சா ரெண்டு எடத்துக்கும் போயிரும். அதோட நெட் இல்லாமலே வெப்சைட்டைப் படிக்க வெக்கற கிவிக்ஸ் ஆப்ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆஃப்லைன் காப்பியை எறக்கி கூட்டத்து டிஸ்க்ல வெச்சிருங்க, பெரிய ஃபைலு, ஆபீஸ் நெட்ல ஒருத்தர் எறக்கினா மத்தவங்க காப்பி பண்ணிக்கலாம்.

ஊரு ஊருக்கு மாறி மாறி நடத்தலாமான்னு கேப்பாங்க. வேண்டாம், அந்தந்த ஊர்ல அந்தந்தக் குழு இருக்கட்டும். எப்பவாவது எல்லாரும் சேரோணும்னா திருப்பூர்ல வெய்ங்க, கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவுல ரயில் பாதையிலயே இருக்குது, ரெண்டு பக்கமும் காலைல ஏறி மத்தியானம் வீடு திரும்பிரலாம்.

கடைசியா பாஸ்வேர்டு. டொமைன், விபிஎஸ், குழு ஈமெயில் மூணுக்கும் ரெண்டு பேருகிட்ட சாவி இருக்கோணும், ஒருத்தர் பெங்களூருக்கு வேலை மாறிப் போயிருவாரு, இன்னொருத்தருக்குக் குழந்தை பொறக்கும், அது சகஜம். டொமைன் ரினியூ தேதியை அந்தப் பேப்பர் நோட்டோட மொத பக்கத்துல பெருசா எழுதி வெச்சுட்டு, எந்த ரெண்டு பேருகிட்ட சாவி இருக்குதுன்னு அதுக்குக் கீழயே எழுதிருங்க.