தூரத்து உறவினருக்கு எழுதும்போது

பினாங்கிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பெரியப்பாவுக்கு எழுதும்போது, "நம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பதிலே வராது. ஒரு கடிதத்துக்கு ஒரே ஒருவரைப் பற்றிக் கேளுங்கள்.

அதைவிட நல்ல வழி, வீட்டிலுள்ள பழைய புத்தகங்களைப் பற்றிக் கேட்பது. அட்டையை மட்டுமல்ல, முதல் தாளையும் கடைசித் தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து, ஊர்ப்பெயர், கடை முத்திரை, சில வீடுகளில் பிள்ளைகள் பிறந்த நாளும் நட்சத்திரமும்கூட அங்கேதான் இருக்கும். அச்சகத்தின் பெயரையும் விடாதீர்கள்.

"பிரபவ வருஷம் ஆவணி" என்று எழுதியிருந்தால் அவசரப்பட வேண்டாம். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். நூல் அச்சான ஆண்டைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால், தயவுசெய்து செல்லோடேப் ஒட்ட வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். அதன் பசை தாளைப் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். அரிய நூல் என்று தோன்றினால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரிக்கலாம். ஈழத்து நூல்களுக்கு "நூலகம்" (noolaham.org) என்ற இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வந்த பதில்களைத் தேதி போட்டு ஒரே கோப்பில் வையுங்கள்.