பழைய நூலகத்துக்குப் போகிறீர்களா?

புத்தகங்களைப் பார்க்கும் முன் அலமாரியைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட் பேராலய நூலகத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி, முதுகுப் பக்கம் உள்ளே இருக்கும்படி அடுக்கியிருப்பார்கள். சங்கிலி அட்டையின் ஓரத்தில் இருப்பதால், அப்படி வைத்தால்தான் சிக்காமல் எடுக்க முடியும். அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்தின் மதிப்பு அவ்வளவு! போர்ச்சுகலின் கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்து ஜொவானினா நூலகத்தில் காவல் வேலை வௌவால்களுக்கு. இரவில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். எச்சம் படாமலிருக்க மேசைகளைத் தோல் விரிப்பால் மூடிவிடுவார்கள்.

அப்புறம், பழைய ஏட்டைத் தொட அனுமதி கிடைத்தால் வெள்ளைக் கையுறை தேடாதீர்கள். கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு மங்கி, தாள் கிழிய வாய்ப்பு அதிகம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். பழைய புகைப்படங்கள் போன்றவற்றுக்குத்தான் கையுறை வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சில்தான்; பேனா உள்ளே விடமாட்டார்கள்.