குழந்தைக்குத் தலையணை வாங்குமுன்

போடிநாயக்கனூரில் இலவம் பஞ்சுத் தலையணை தைத்து விற்கிறோம். குழந்தைக்கு என்று யார் வந்தாலும் முதலில் வயதைத்தான் கேட்பேன். ஒரு வயது ஆகவில்லையா, எந்தத் தலையணையும் வேண்டாம். முகம் அதில் புதைந்தால் திருப்பிக்கொள்ள அந்தப் பிள்ளையால் முடியாது, மூச்சு முட்டிவிடும். தலை உருண்டையாக வரும் என்று கேட்கிறார்களே, அந்தக் கடுகுத் தலையணையும் வேண்டாம். தையல் விட்டால் கடுகு மூக்குக்குள் போகும். தலை உருண்டையாக வர அதற்குப் பதில், விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூக்கம் மட்டும் மல்லாக்கத்தான்.

இரண்டு வயதுக்கு மேல் வாங்கலாம். அதற்கும் அவசரமில்லை, வெறும் பாயில் நன்றாகத் தூங்குகிற பிள்ளைக்கு எதற்கு?

சரி, வாங்குகிறீர்கள். உள்ளங்கையால் நடுவில் அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே மேலெழ வேண்டும். கை புதைந்து அப்படியே நின்றால் வைத்துவிடுங்கள். உயரம் 2 அங்குலம், மிஞ்சினால் 3. பிள்ளை படுத்தால் தாடை நெஞ்சை இடிக்கக் கூடாது. பொத்தான், குஞ்சம், மணி, நாடா எதுவும் ஆகாது. தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இடுக்கில் பஞ்சு எட்டிப் பார்த்தால் நாளை அது பிள்ளையின் வாயில் இருக்கும்.

மூச்சு இளைப்பு, ஓயாத தும்மல் உள்ள பிள்ளைக்கு எங்கள் பஞ்சு வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். துவைக்க முடிகிற பாலியெஸ்டர் தலையணை, பருத்தி உறையோடு வாங்குங்கள். உள்ளே கட்டி தட்டியதும் மாற்றிவிடுங்கள்.