அம்புலன்ஸ் பிந்தினாலும் கை ஓங்காதீர்கள்: மலையகத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

என் சித்தப்பா மகன் இரண்டு வாரம் விளக்கமறியலில் இருந்தான். திருடவில்லை, யாரையும் வெட்டவில்லை. மாமியாருக்கு நெஞ்சுவலி வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மெயின் ரோட்டு வரைக்கும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. உள்ளே வராமல் வெளியே நிற்கச் சொன்ன சிற்றூழியரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டான். அவர் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவில் போய் விழுந்தார், கதவு உடைந்தது, முழங்கையில் ஏழு தையல். அந்த நேரத்தில் மாமியாரை உள்ளே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், எங்களுக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. ஏன் அவ்வளவு நேரம் எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கேட்கத்தான் நாங்கள் நினைத்தோம். அந்தக் கேள்வியை அதற்கப்புறம் யாரும் கேட்கவே இல்லை, பேசியதெல்லாம் உடைந்த கதவையும் கிழிந்த கையையும் பற்றித்தான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் பாதை மோசம், ஆஸ்பத்திரி தூரம், போன இடத்தில் சில நேரம் நம் மொழியில் பேச ஆள் இல்லை, கோபம் வருவதற்கு எல்லாக் காரணமும் உண்டு. அந்தக் கோபம் கையில் இறங்கிவிட்டால் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதல் தவறு, எல்லா அடியும் ஒரே அடி என்று நினைப்பது. பக்கத்து வீட்டுக்காரரை அடித்துச் சிறு காயம் உண்டாக்கினால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. அதே அடியை, கடமையில் இருக்கிற அரச உத்தியோகத்தருக்கு அவருடைய வேலையைத் தடுக்கக் கொடுத்தால் 323ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை. எலும்பு முறிகிற மாதிரிக் கடுங்காயம் என்றால் சாதாரணமாக ஏழு வருடம் வரை இருப்பது 324ஆம் பிரிவில் பத்து வருடம் வரை போகிறது. காயமே இல்லாமல் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் 344 இருக்கிறது, இரண்டு வருடம் வரை. கையே வைக்காமல் வழியை மறித்து வேலையைக் கெடுத்தால்கூட 183ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை போடலாம். இது பொலிஸாருக்கு மட்டும் உள்ள பாதுகாப்பு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற டொக்டர், மிஸ் (தாதி), அதேபோல் கிராம சேவகர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் இருப்பவர் கம்பனி ஆளாக இருந்தால் இந்தப் பிரிவுகள் பொருந்தாமல் போகலாம், ஆனால் 314உம் கடுங்காயத்துக்கான 316உம் யாரை அடித்தாலும் உண்டு.

வெளிநாடுகளில் இன்னும் இறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ், ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குவதற்கென்றே 2018இல் தனிச் சட்டம் கொண்டுவந்து ஒரு வருடம் வரை சிறை என்றார்கள், 2022இல் அதை இரண்டு வருடமாக்கினார்கள். இந்தியாவில் கொரோனா காலத்தில், 2020இல், தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் ஐந்து வருடம் வரை, கடுங்காயம் என்றால் ஏழு வருடம் வரை என்று போட்டார்கள். இங்கேயும் அப்படிக் கூட்ட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இருக்கிற தண்டனையே போதுமான அளவு கடுமைதான், அது இருப்பது நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

இந்தியா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டு வக்கீல்கள் யூடியூபில் சொல்வதைக் கேட்டுவிட்டு 353, 132 என்று நம் பிள்ளைகள் பேசுகிறார்கள். 353 அவர்களுடைய பழைய சட்டத்தின் எண், 2024 ஜூலையிலிருந்து அங்கே புதுச் சட்டத்தில் அது 132. இங்கே அதற்குச் சமமானது 344. எண் மட்டுமில்லை, பிணை, காவலில் வைக்கிற நேரம் எல்லாமே இரண்டு நாட்டிலும் வேறு. நம் வழக்குக்கு நம் ஊர்ச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

"நான் தொடவே இல்லையே" என்று சொல்வதும் அடிக்கடி கேட்கிற ஒன்று. தொட வேண்டியதில்லை. அடிக்கப்போகிறான் என்று எதிரில் இருப்பவர் பயப்படுகிற மாதிரிக் கையை ஓங்கினாலே, கம்பைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனாலே, சட்டத்தில் அது தாக்குதல்தான். வெறும் வார்த்தை மட்டும் தாக்குதலாகாது, ஆனால் ஓங்கிய கையோடு சேர்ந்து வந்த வார்த்தை அந்தக் கைக்கு அர்த்தம் கொடுத்துவிடும். குடித்திருந்தேன், என்ன செய்தேன் என்றே தெரியாது என்பதும் உதவாது. தானாகக் குடித்தவரைத் தெளிவாக இருந்தவர் மாதிரியே வைத்துத்தான் சட்டம் பார்க்கும். தீபாவளிக்கும் கோவில் திருவிழாவுக்கும் நடக்கிற வழக்குகளில் இந்த ஒரு பதிலை நம்பிப் போய் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று ஹட்டன் நீதிமன்ற வாசலில் ஒரு திங்கட்கிழமை நின்றாலே தெரியும்.

இனி எனக்கு மிகவும் கவலை தருகிற தவறுக்கு வருகிறேன். கூட்டமாகப் போவது. ஒருவருக்கு ஆபத்து என்றால் லயமே எழுந்து போவது எங்கள் வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன், அந்த வழக்கம் இல்லாவிட்டால் மழையில் நோயாளியை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ இருபது பேர் போய், அதில் ஒரு பையன் கல்லெடுத்தான் என்றால், அந்தக் கல் அவனோடு நிற்காது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு தவறான நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்தப் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் பொறுப்பு என்று 146ஆம் பிரிவு சொல்கிறது. நான் சும்மாதான் நின்றேன், வேடிக்கைதான் பார்த்தேன் என்பதை அப்புறம் நீங்கள்தான் நீதிமன்றத்தில் போராடிக் காட்ட வேண்டி வரும். ஒரு வீட்டில் அப்பாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து உள்ளே போனால் அந்த மாதம் கொழுந்துக் காசு யார் கொண்டுவருவது? வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லாத நாம் இதை யோசிக்க வேண்டும். கூடப் போங்கள், தூக்கிக்கொண்டு போங்கள், ஆனால் ஆஸ்பத்திரி கேட் வந்ததும் நோயாளியோடு இரண்டு பேர், அதிலும் பொறுமையாகப் பேசக்கூடிய இரண்டு பேர், உள்ளே போகட்டும். மற்றவர்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தேநீர்க்கடையில் இருக்கலாம். தோட்டத் தலைவர்மார் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பொருளை உடைத்தால் காசு கட்டிவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கதவு, பொலிஸ் ஜீப், லங்கம பஸ் கண்ணாடி எல்லாம் பொதுச் சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டத்தின்படி, சேதம் 25,000 ரூபாய்க்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்று கொடுத்துவிட்டால், விதிவிலக்கான காரணம் இருந்தால் மட்டும்தான் பிணை. இன்றைய விலைக்கு ஒரு கண்ணாடிக் கதவே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். எங்கள் பையன் இரண்டு வாரம் உள்ளே இருந்ததற்குத் தள்ளியதைவிட அந்தக் கதவுதான் பெரிய காரணம்.

அம்புலன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கிற சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, அப்புறம்தான் எங்கள் பக்கமும் வந்தது. இலவசம், தமிழில் பேசலாம். ஆனால் வண்டி லயத்து வாசலுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்த்து, வராதபோது வந்தவர்களைத் திட்டுவது நடக்கிறது. தோட்டப் பாதையில் மண் சரிந்து, பாலம் உடைந்து கிடந்தால் சாரதி என்ன செய்வார்? தோட்டத்துப் பெயரை மட்டும் சொன்னால் எந்த டிவிசன் என்று அவர்களுக்குத் தெரியாது, மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிற இடங்கள் இருக்கின்றன. அழைக்கும்போதே தோட்டம், டிவிசன், பக்கத்துக் கோவில் அல்லது ஸ்டோர், வண்டி எதுவரை வரமுடியும் என்பதைச் சொல்லுங்கள், சந்தியில் டோர்ச் லைட்டோடு ஒரு ஆளை நிறுத்துங்கள், போனை வேறு யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருங்கள். வந்தவர் நோயாளியை ஏற்றாமல் அங்கேயே வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தால் நேரம் கடத்துகிறார் என்று அர்த்தமில்லை. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் முதலில் சரிபார்த்து, ஓடுகிற வண்டியில் செய்யமுடியாததை நிற்கிற இடத்தில் செய்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டி, தோளைப் பிடித்து இழுத்தால் உங்கள் அம்மாவுக்குப் போட வேண்டிய ஊசிதான் பிந்தும். இன்று அம்புலன்ஸிலும் வார்டிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சீருடை போட்டு நிற்கிறார்கள், படிக்கவைக்க அவர்களுடைய அம்மாமார் எத்தனை வருடம் மலையேறிக் கொழுந்து பறித்திருப்பார்கள் என்பது நமக்குத்தானே தெரியும்.

மண்சரிவு எச்சரிக்கை வந்து வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும்போது கிராம சேவகரோடும் பொலிஸோடும் மல்லுக்கட்டுவதும் உண்டு. மாட்டை விட்டுவிட்டு எங்கே போவது, திரும்பி வரும்போது சாமான் இருக்குமா என்ற பயம் உண்மையானது. அதற்குப் பதில் கேட்கிற உரிமையும் உண்டு. ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது, 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் எத்தனை மலை இறங்கியது என்பதைப் பார்த்தவர்கள் நாம். முதலில் இறங்கிவிடுவோம், சாமானுக்கான சண்டையை முகாமில் இருந்து எழுத்தில் போடலாம்.

பொலிஸ் விஷயத்தில் நம் ஆட்களுக்கு நம்பிக்கை குறைவு, அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. அநியாயமாகக் கைது செய்கிறார்கள் என்று தோன்றினால் திமிறி அடிக்கலாமா? வேண்டாம். உத்தியோகத்தர் நல்லெண்ணத்தோடு தன் பதவியின் பெயரால் ஒன்றைச் செய்தால், அது முழுக்கச் சட்டப்படி சரியாக இல்லாவிட்டாலும், உயிருக்கோ கடுங்காயத்துக்கோ பயப்படக் காரணம் இல்லாத வரைக்கும் தற்காப்பு என்று சொல்லமுடியாது. 92ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் காரணத்தைக் கேளுங்கள், கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. வழக்கமான கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் தவிர. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு வாசிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எங்கள் பையன் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டான், அதில் "வேண்டுமென்றே" என்ற சொல் இருந்ததைச் சட்டத்தரணிதான் பிறகு காட்டினார்.

கடமை முடிந்து வீட்டுக்குப் போகிற உத்தியோகத்தரை வழியில் மறித்து அடிப்பதும் இதே குற்றமாகலாம். கடமையில் செய்த ஒன்றுக்காகப் பின்னால் அடித்தாலும் சட்டத்தில் இடம் இருக்கிறது, சீருடை இல்லை என்பது காரணமாகாது. அப்புறம், காயப்பட்டவருடைய வீட்டுக்கு நாலு பேர் போய் வழக்கை வாபஸ் வாங்கு என்று கேட்பது. நல்லெண்ணத்தில்தான் போனோம் என்பார்கள். அவர் பயந்துவிட்டால் அது சாட்சியை மிரட்டியதாகும், அதற்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. தோட்டத்தில் தலைவர் பேசித் தீர்க்கிற மாதிரி இது தீராது. அவர் மனதார மன்னித்தாலும் வழக்குத் தானாக முடியாது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். கட்டணத்துக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

எங்கள் பையனுக்குக் கடைசியில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் நட்டஈடும் கிடைத்தது. கட்டார் வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போனபோது அந்தத் தீர்ப்பு அதில் வந்து நின்றது, வேலை போய்விட்டது.

நியாயமான முறைப்பாடு இருந்தால் அன்றிரவே எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த வார்டு, யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு டொக்டர் பார்த்தார் என்பதை மறக்கிறதுக்கு முன்னால் பிள்ளையின் கொப்பியிலாவது குறித்துவையுங்கள், கிளினிக் கொப்பியையும் துண்டுகளையும் எறியாதீர்கள். ஆஸ்பத்திரி என்றால் அதன் பொறுப்பதிகாரிக்கு ஒரு பிரதி, மாவட்டத்துப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு பிரதி, பதிவுத் தபாலில். பொலிஸ் அடித்திருந்தால் முதலில் அரசாங்க டொக்டரிடம் காயத்தைக் காட்டிப் பதியவையுங்கள், பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் கால அவகாசம், அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால் அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. தபால் பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.