ஜே/24-இலிருந்து ஜே/70-க்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராட் ஜான்ஸ்டன் வரைந்த பந்தயப் பாய்மரப் படகு ஜே/24, 1977-இல் உற்பத்திக்கு வந்தது. அவர் மகன் ஆலன் வரைந்த ஜே/70 வந்தது 2012-இல். இரண்டுக்கும் ஒரே நிறுவனம், ஒரே குடும்பம், நீளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை, 7.32 மீட்டருக்கு 6.93. அதனால் ஒன்றை ஓட்டிப் பழகியவர் மற்றதையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பி ஏறிவிடுகிறார். நீளத்தைப் பார்ப்பதுதான் முதல் தவறு. எடையைப் பாருங்கள். ஜே/24 சுமார் 1,400 கிலோ, ஜே/70 சுமார் 800 கிலோ. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த 600 கிலோவிலிருந்து வருபவை.

பந்தயத்தின் ஸ்டார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே/24 ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே பாய்களை இழுத்துக் கிளம்புவது பழக்கமாகிவிடும். ஜே/70-இல் அதே கணக்கில் கிளம்பினால் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே கோட்டைத் தாண்டி நிற்பீர்கள். சீக்கிரம் கிளம்பும் படகு சீக்கிரம் நிற்கவும் செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிரே சின்னச் சின்ன அலை வந்தால் ஜே/24 தன் கனத்தாலேயே இடித்துக்கொண்டு போய்விடும், ஜே/70-க்கு ஒவ்வொரு அலையும் ஓர் அறை. அங்கே காற்றுக்கு நெருக்கமாகப் பிடித்து ஓட்டப் பார்க்காதீர்கள். அதன் கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் நிற்கும் துடுப்பு, ஒல்லியானது, தண்ணீர் வேகமாக ஓடினால்தான் பிடிக்கும், வேகம் போனால் படகு பக்கவாட்டில் நழுவும். முதலில் முன்முனையைக் காற்றிலிருந்து சற்று விலக்கி வேகம் எடுங்கள், அப்புறம் உயரம், அதாவது காற்றுக்கு நெருங்கிய கோணம், தானாக வரும்.

ஜே/24-க்கு இன்ஜின் ஜெனோவா என்ற அந்தப் பெரிய முன்பாய்தான். பாயின் பின்விளிம்புக்கும் மாஸ்ட்டின் (பாய்மரத்தின்) குறுக்குக் கம்பியான ஸ்ப்ரெடரின் முனைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டே கயிறிழுக்கும் வின்ச்சில் கை வைத்திருப்பவர், அதே கையோடு ஜே/70-இன் சின்ன முன்பாயான ஜிப்பை இறுக்கினால், பின்விளிம்பு மூடிக்கொண்டு இரண்டு பாய்க்கும் நடுவே காற்று போக வழியில்லாமல் போகும். இங்கே வேலை முழுக்க முக்கியப் பாயின் கயிறான மெயின் ஷீட்டிலும், மாஸ்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் பேக்ஸ்டேயிலும் இருக்கிறது. பலத்த காற்று தண்ணீர் மேல் கறுப்பாக வருவது தெரிந்ததுமே, படகு சாய்வதற்கு முன்பே, மெயினைத் தளர்த்த வேண்டும். சாய்ந்த பிறகு தளர்த்தினால் தாமதம்தான்.

காற்றோடு போகும் ஓட்டத்தில்தான் இரண்டும் முழுசாகப் பிரிகின்றன. ஜே/24-இல் ஸ்பின்னாக்கர் என்ற பலூன் பாயை விரித்துப் பிடிக்கும் கம்பான போலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, ஆழமாக, அதாவது காற்று போகும் திசைக்கு நெருக்கமாக, இறங்கிப் போவதுதான் பெரும்பாலும் லாபம். ஜே/70-இல் போல் கிடையாது, முன்முனையிலிருந்து நீட்டி உள்ளிழுக்கும் கம்பான ஒரு போ ஸ்ப்ரிட்டும் சமச்சீரற்ற ஸ்பின்னாக்கரும்தான். மெல்லிய காற்றில் ஆழமாகப் போகலாம், காற்று சுமார் 15 நாட் தாண்டினால் காற்றை நோக்கிக் கொஞ்சம் மேலே பிடித்து, எல்லோரும் பின்னுக்கு நகர்ந்து, படகைத் தண்ணீர் மேல் வழுக்க விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மத்தியமான கோணத்தில் ஓட்டுபவருக்கு வேகமும் இல்லை, தூரமும் மிச்சமில்லை. அடிக்கடி பார்க்கும் தவறு இது.

காற்றோடு போகும்போது பாயை மறுபக்கம் மாற்றித் திரும்பும் ஜைப்பும் அப்படித்தான். ஜே/24-இல் முன்னால் நிற்பவர் போலை மாஸ்ட்டிலிருந்து கழற்றி மறுமுனையை மாட்டும்வரை, சுக்கான் பிடித்தவர் ஸ்பின்னாக்கருக்கு அடியிலேயே படகை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். ஜே/70-இல் நல்ல காற்றில் நான் அதே பொறுமையோடு திருப்பினேன். படகின் வேகம் போனது, காற்றின் முழு பாரமும் பாயில் விழுந்தது, ஸ்பின்னாக்கர் முன்கம்பியைச் சுற்றி மணல்கடிகாரம் மாதிரி முறுக்கிக்கொண்டது. அந்தப் படகில், அலையிலிருந்து வழுக்கி இறங்கும் அந்த முழு வேகத்தில்தான் ஜைப் செய்ய வேண்டும். அப்போதுதான் பாயில் பாரம் குறைவு.

ஜே/70-இலிருந்து ஜே/24-க்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வழுக்க வைக்கலாம் என்று மேலே பிடித்துக்கொண்டே போகாதீர்கள், பலத்த காற்றிலும் நல்ல அலையிலும் தவிர அந்தப் படகு லேசில் எழும்பாது, கூடுதல் தூரம்தான் மிச்சம். மெல்லிய காற்றில் பின்பக்கம் கூட்டமாக உட்காராதீர்கள். பின்னால் தண்ணீர் களகளவென்று கலங்கும் சத்தம் கேட்டால் ஆளை முன்னுக்கு அனுப்புங்கள், சத்தம் அடங்கினால் சரி.

காற்று ஏறும் நாளில் ஜே/24-இன் காக்பிட்டில் (ஆட்கள் உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்தில்) உள்ள லாக்கர் மூடிகளைத் தாழிடாமல் மட்டும் கிளம்பாதீர்கள். ஸ்பின்னாக்கரோடு படகு பக்கவாட்டில் விழுந்து கிடக்கும்போது அந்த மூடி திறந்துகொண்டால் தண்ணீர் நேராக உள்ளே போகும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு. தாழிட்டதாக யாராவது சொன்னாலும், ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.