உணவகத் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் கடலூரிலிருந்து இரண்டு தம்பிகள் வந்தார்கள். சில்வர் பீச் பக்கம் சின்னதாக ஓர் உணவகம் திறக்கப் போகிறார்களாம். புதுச்சேரி அரியாங்குப்பத்தில் என் உணவகத்துக்காக நான் வைத்திருக்கும் பன்னிரண்டு சென்ட் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வந்ததும் டேப்பை எடுத்து பாத்தியின் நீள அகலத்தை அளந்தார்கள். லெட்யூஸ் பாத்தியை எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். 2017-ல் ஆரோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் நின்றதும் இதே கோலத்தில்தான். அன்று டேப்புக்குப் பதிலாக என் கையில் ஒரு சணல் கயிறு.

தொப்பி போடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

சமையல்காரரிடம் மட்டும் பேசிவிட்டு வருவது

செஃப் தட்டில் வருவதைப் பற்றிப் பேசுவார். எந்தப் பாத்தியில் எது செத்தது என்பது களை எடுக்கும் அக்காவுக்குத்தான் தெரியும். அவர் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கிவிடும். பதினொரு மணிக்குப் போனால் ஆளையே பார்க்க முடியாது.

தை மாதத்தில் பார்த்துவிட்டு, அதுதான் தோட்டம் என்று நம்புவது

இதை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். பொங்கல் விடுமுறை, வெளியூர்க் கூட்டம், இதமான காற்று. எல்லாரும் தோட்டம் பார்க்கப் போவது அந்த நேரத்தில்தான். நம் ஊரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மழை ஓய்ந்த பின் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் எதை வைத்தாலும் வரும். நான் பார்த்த தோட்டத்தில் லெட்யூஸ், ராக்கெட் கீரை, பேசில் எல்லாம் மெத்தை மாதிரிக் கிடந்தன. அதெல்லாம் நவம்பரிலேயே கூரைக்கடியில் தட்டில் விதைத்து, மழைக்கு ஒளித்து வளர்த்த நாற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்து செங்கல் பாத்தி, சொட்டுநீர்க் குழாய், விதை என்று எண்பத்தைந்தாயிரம் செலவழித்தேன். மாசிக் கடைசியில் நட்டேன். அது போதாதென்று, ‘எங்கள் தோட்டத்து சாலட்’ என்று மெனு கார்டும் அடித்துவிட்டேன். பங்குனி வெயில் ஏறியதும் லெட்யூஸ் மடமடவென்று தண்டு விட்டுப் பூக்கக் கிளம்பியது. அப்படிக் கிளம்பினால் இலை கசக்கும். இரண்டு மேசையிலிருந்து தட்டு அப்படியே திரும்பி வந்தது. வேறு வழி? பெரிய மார்க்கெட்டில் மலையிலிருந்து வந்த லெட்யூஸை வாங்கிப் போட்டேன். கார்டில் மட்டும் ‘எங்கள் தோட்டத்து’ என்றே இருந்தது. மூன்று மாதம் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதுதான் எண்பத்தைந்தாயிரத்தை விட அதிகமாக உறுத்தியது.

கத்திரி வெயிலில், சண்டை போடும் வேகத்தோடு அதே தோட்டத்துக்குப் போனேன். பாதிப் பாத்திகளில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து மடக்கி உழுதிருந்தார்கள். மீதியில் நிழல்வலைக்குக் கீழே கொடிப்பசலை, வெளியே கொத்தவரை, வேலியோரம் முருங்கை. லெட்யூஸ் இருந்த சுவடே இல்லை. களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். “சித்திரையில இங்க யாரு தம்பி வர்றா?”

அப்புறம்தான் ஐப்பசி, கார்த்திகையிலும் போய்ப் பார்க்கும் பழக்கம் வந்தது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மழையில்தான் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது என் பாத்திகள் மூன்று நாள் தண்ணீரில் நின்று கீரை எல்லாம் அழுகியது. அவர்கள் தோட்டத்தில் முழங்கால் ஆழ வாய்க்கால் இருந்தது. தையில் போனபோது அதில் சருகு நிரப்பியிருந்ததால் நான் அதை நடைபாதை என்று நினைத்திருந்தேன்!

விதை பாக்கெட்டைப் போட்டோ எடுப்பது

பேசில் விதைக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதே இனம்தான் நம் திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் போடும் சப்ஜா அதன் விதைதான். வாசம் கொஞ்சம் வேறு, ஆனால் வெயிலுக்கு அஞ்சாது. என் வேலியிலேயே நின்றிருந்தது.

கேட்காமல் கிள்ளுவது

கிள்ளாதீர்கள். அது இன்று இரவுச் சமையலுக்கானது.

பின்வாசலைப் பார்க்காமல் வருவது

தோட்டம் வைத்திருக்கும் உணவகமும் வெங்காயம், உருளை, தக்காளியை மூட்டையாகத்தான் வாங்குகிறது. காலையில் பின்வாசலில் மார்க்கெட் ஆட்டோ எதை இறக்குகிறது என்று பாருங்கள். தோட்டத்தால் எது முடியவில்லை என்பதற்கு அதுதான் பட்டியல். என் பன்னிரண்டு சென்டில் ஒழுங்காகக் கிடைப்பது கீரை, கறிவேப்பிலை, புதினா, அலங்கார இலை, கொஞ்சம் வெண்டை. அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காதது

ஆரோவில் மேட்டில் செம்மண். அரியாங்குப்பத்தில் எனக்கு ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணல், போர் தண்ணீரில் உப்பு. அங்கே பார்த்த பீன்ஸை இங்கே போட்டேன். இலை ஓரம் கருகியது, காய் பிடிக்கவில்லை. பீன்ஸும் கேரட்டும் உப்பைத் தாங்காது. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி 2.5 வரை, பீட்ரூட் 4 வரை சமாளிக்கும். பார்க்கப் போகும் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பாத்தி கட்டுங்கள்.

கடலூர்த் தம்பிகளிடமும் இதைச் சொன்னேன். டேப்பைச் சுருட்டி வைத்தார்கள். மே மாதம் நடுவில் ஒருமுறை வாங்க என்றேன். “வெயில் கொளுத்துமே அண்ணே” என்றான் ஒருவன். மற்றவன் போனில் தேதியைக் குறித்துக்கொண்டான்.