இங்கிலீஷ் பேசாத வீட்டில் எஸ்.பி.எம். ஆங்கிலம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில், ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, பள்ளியில் மலாய் பேசுகிறது. ஆங்கிலம் பாடவேளையோடு சரி. அதனால் தேர்வு நெருங்கும்போது பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டி, மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்ய வைக்கிறார்கள். இருக்கிற நேரத்தை வீணடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆங்கிலம் தெரியாத அம்மாவும் அப்பாவும் இதைவிட உருப்படியாக உதவ முடியும்.

முதலில் அலமாரியைப் பாருங்கள். அக்கா, அண்ணன் விட்டுப்போன பழைய பயிற்சிப் புத்தகங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம்.மிலிருந்து ஆங்கிலத் தேர்வின் (பாடக் குறியீடு 1119) அமைப்பே மாறிவிட்டது. பழைய புத்தகத்தில் வரும் சுருக்கி எழுதுதலும் கவிதை, கதைக் கேள்விகளும் இப்போது அதில் இல்லை. இப்போது நான்கு தாள்கள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். பிள்ளை எழுதியும் பேசியும் பழகாமல், நோட்டை மட்டும் திரும்பத் திரும்பப் படித்து இதில் தேற முடியாது.

எழுத்துத் தாள்

ஒன்றரை மணி நேரம், மூன்று பகுதிகள், 60 புள்ளி. முதல் பகுதி ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். இரண்டாவது 125 முதல் 150 சொல்லில் குறிப்புகளை வைத்து எழுதும் கட்டுரை. மூன்றாவது 200 முதல் 250 சொல். மூன்று தலைப்பு கொடுப்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 20 புள்ளி. அந்த இருபதும் உள்ளடக்கம், வாசகருக்கு ஏற்ற தொனி, ஒழுங்கமைப்பு, மொழி என்று ஐந்தைந்தாகப் பிரிகிறது.

இலக்கணம், சொல்வளம் எல்லாம் சேர்ந்த 'மொழி' நாலில் ஒரு பங்குதான். மனனம் செய்த கட்டுரை அழகான ஆங்கிலத்தில் இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பொருந்தாவிட்டால் உள்ளடக்கத்தில் அடிபடும். நண்பனுக்கு எழுதும் மின்னஞ்சலில் தலைமையாசிரியருக்கு எழுதும் தோரணை வந்தால் தொனியில் அடிபடும்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. கேள்வித்தாளில் கேட்டிருக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் கீழே பிள்ளை கோடு போடட்டும். எழுதி முடித்த பிறகு, "முதல் கேள்விக்கு எங்கே பதில் எழுதியிருக்கே? தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டி, தமிழில் சொல்லத் தெரிந்தால் பதில் இருக்கிறது. தடுமாறினால் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, அல்லது விட்டே விட்டது. இதைச் சரிபார்க்க உங்களுக்கு ஒரு சொல் ஆங்கிலம் தேவையில்லை.

நேரத்தை மின்னஞ்சலுக்கு 15 நிமிடம், இரண்டாம் பகுதிக்கு 30, மூன்றாவதுக்கு 40 என்று பிரித்து, கடைசி 5 நிமிடத்தைத் திருப்பிப் படிக்க வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலை இருநூறு சொல்லுக்கு இழுத்துவிட்டு, மூன்றாம் பகுதியைப் பாதியில் நிறுத்தும் பிள்ளைகள் நிறைய. பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று இப்போதே எண்ணி வையுங்கள். எட்டுச் சொல் என்றால் மின்னஞ்சல் பத்து வரி. தேர்வில் உட்கார்ந்து சொல் எண்ண வேண்டியதில்லை.

பிழைகளைத் திருத்தும்போது எல்லாவற்றையும் சிவப்பில் சுழிக்காதீர்கள். தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அடுத்த முறை பிள்ளை பயந்து, தெரிந்த சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிவிட்டு எழுந்துவிடும். ஒரு வாரத்துக்கு இரண்டு வகைப் பிழை போதும். திருத்தியதை மறுநாள் முழுதாகத் திரும்ப எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

நம் பிள்ளைகளின் பிழைகள் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியவை. மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. அதே பழக்கத்தில் 'யெஸ்டர்டே ஐ கோ' என்று வருகிறது. இங்கே தமிழ் கைகொடுக்கும். "நேத்து நான் போறேன்னு சொல்வியா?" என்று கேட்டால் பிழை பிள்ளைக்கே தெரியும். 'ஹீ கோ' என்று எழுதினாலும் இதே வழி: 'நான் போகிறேன்', 'அவன் போகிறான்' என்று தமிழிலும் ஆளுக்கேற்ப வினை மாறுகிறதே. 'ஹீ', 'ஷீ' இரண்டும் குழம்புவது மலாயின் 'டியா'வால். 'ஓப்பன் த லைட்' வருவது 'புக்கா லம்பு'விலிருந்து. 'டிஸ்கஸ் அபௌட்' நம்முடைய 'பற்றி'யின் வேலையாகவும் இருக்கலாம். 'எ', 'த' இரண்டுக்கும் தமிழிலும் மலாயிலும் நேர் இணை கிடையாது. அவற்றை வாக்கியத்தோடு படித்துப் பழகுவதுதான் வழி. இந்தப் பிழைகளுக்கென்று ஒரு சின்ன நோட்டு போடுங்கள்: இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் சரியான வாக்கியம். தேர்வுக்கு முதல் நாள் இரவு படிக்க அந்த நோட்டு போதும்.

கைப்பேசியில் மலாய்க் கட்டுரையைக் கொடுத்து ஆங்கிலமாக்கி அதைப் பார்த்து எழுதுவது இப்போது பரவியிருக்கிறது. எழுதியது போலத் தோன்றும், ஆனால் கை பழகியிருக்காது. சந்தேகமுள்ள ஒரு வாக்கியத்துக்குப் பயன்படுத்தட்டும், முழுக் கட்டுரைக்கு வேண்டாம்.

பேச்சும் கேட்டலும்

பேச்சுத் தேர்வு எழுத்துத் தாள்களுக்கு முன்பே வந்துவிடும் என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. இரண்டு மாணவர்கள் ஒன்றாக உள்ளே போவார்கள். முதலில் தங்களைப் பற்றிய சின்னக் கேள்விகள், அடுத்து ஒவ்வொருவரும் தனியாக ஒரு தலைப்பில் பேசுவது, கடைசியில் இருவரும் கலந்துரையாடி முடிவுக்கு வருவது.

தனிப் பேச்சில் யோசிக்க 20 விநாடி, பேச ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் நினைப்பதைவிட நீளம். நாலு வாக்கியத்தில் தீர்ந்துபோய் நிற்பதுதான் வழக்கமான சரிவு. தேர்வில் கொடுக்கும் தலைப்பு அட்டையில் உள்ள குறிப்பு ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று ஒரு வாக்கியமும், 'எடுத்துக்காட்டாக' என்று இன்னொன்றும் சேர்த்தால் நிமிடம் நிரம்பும். தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு தலைப்பு கொடுத்து நீங்கள் கைப்பேசியில் நேரம் பிடியுங்கள். எங்கே நிறுத்தினான், எத்தனை முறை 'அம்ம்' என்றான் என்று மட்டும் சொன்னால் போதும். இலக்கணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நடுவில் திருத்தினால் பேச்சு வற்றிவிடும்.

கலந்துரையாடலைத் தனியாகப் பழக முடியாது. அதே பள்ளிப் பேருந்தில் வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை போதும். மற்றவர் சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் சொல்லப் பழக வேண்டும். முன்கூட்டி யோசித்ததை ஒப்பித்துவிட்டு வாயை மூடிக்கொள்வது கலந்துரையாடல் ஆகாது. கூட்டாளி திணறினால், "நீ என்ன நினைக்கிறே?" என்று ஆங்கிலத்தில் கேட்டு இழுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

கேட்டல் தாள் 40 நிமிடம், 30 கேள்வி. ஒலிப்பதிவை இரண்டு முறை ஓடவிடுவார்கள். வீட்டில் பழகும்போது நிறுத்தி நிறுத்திக் கேட்கும் பழக்கம்தான் ஆபத்து. முழுதாக இரண்டே முறை, அதற்குமேல் கிடையாது. முதல் முறை ஓடும்போது ஒரு கேள்வி தவறிப்போனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்றை நினைத்துக் கவலைப்பட்டு மூன்றை விடுகிறவர்களே அதிகம். ட்ராக்ஸ் எஃப்எம் ஆங்கில வானொலிச் செய்தியையும் பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் பதிவுகளையும் கேட்கலாம். தோட்டத்து லயன் வீட்டில் இணையம் விட்டுவிட்டு வந்தால், டவுனுக்குப் போகும்போது வாரத்துக்கு வேண்டியதைப் பதிவிறக்கி வந்துவிடுங்கள்.

வாசிப்புத் தாளில் 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம். அதிகம் தடுமாற வைப்பது நான்காம் பகுதி: பத்தியிலிருந்து ஆறு வாக்கியத்தை எடுத்துவிட்டு எட்டைக் கொடுப்பார்கள், இரண்டு உபரி. இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள 'திஸ்', 'தே', 'ஹவெவர்' போன்ற சொற்கள் யாரை, எதைச் சுட்டுகின்றன என்று பார்த்தால் பாதி தானாக விழும். கோடிட்ட இடம் நிரப்பும் இரண்டாம் பகுதிக்குத் தனிச் சொல்லைப் படிக்காமல் 'டிபென்ட் ஆன்', 'இன்டரெஸ்டட் இன்' என்று சோடியாகப் படிக்க வேண்டும்.

இலக்கியம் எடுத்தவர்களுக்கு

ஆங்கில இலக்கியம் (2205) தனிப் பாடம். எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் ஊரில் பிரத்தியேக வகுப்பும் கிடைக்காது. முதலில் இந்த ஆண்டுப் பாடநூல் பட்டியலைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் மாறிக்கொண்டிருப்பதால் மூத்தவர்களின் குறிப்பு காலை வாரிவிடும்.

பெரும்பாலோர் புள்ளி இழப்பது கதையைத் திருப்பிச் சொல்வதால். தேர்வாளருக்குக் கதை தெரியும். ஒரு கருத்து, அதற்கு நூலிலிருந்து சான்று, அந்தச் சான்று எப்படி அந்தக் கருத்தைக் காட்டுகிறது என்ற விளக்கம் என மூன்றும் ஒவ்வொரு பத்தியிலும் வர வேண்டும். மூன்றாவதுதான் காணாமல் போகும். 'இது உருவகம்' என்று பெயர் வைத்தால் பாதி வேலைகூட முடியவில்லை. அந்த உருவகம் இல்லாமல் நேராகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், விளக்கம் கிடைத்துவிடும். தமிழ் இலக்கியமும் எடுத்த பிள்ளைக்கு உவமையும் உருவகமும் புதிதல்ல. தமிழில் விளக்கச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம்.

மேற்கோளை நீளமாக மனனம் செய்ய வேண்டாம். மூன்று முதல் ஆறு சொல் போதும், வாக்கியத்துக்குள் பொருந்தி உட்காரும். முக்கியக் கதாபாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, முன்பக்கம் குணம், பின்பக்கம் நாலைந்து மேற்கோள் என்று எழுதி வையுங்கள். முன்பக்கத்தைக் காட்டிப் பின்பக்கத்தைக் கேட்பது தங்கச்சியோ தம்பியோ செய்யக்கூடிய வேலை. ஒரே மேற்கோளைப் பாத்திரம், கருப்பொருள் இரண்டுக்கும் பயன்படுத்த முடிந்தால் அதை முதலில் படிக்கட்டும்.